மனநோய்க்கான உதவித்தொகை நின்றுபோனால்: சிவகங்கை மாவட்ட இணைய உரையாடல் இழை

தேவகோட்டை | 2025 ஏப்ரல் 9

தம்பிக்கு வயசு 36. சிசோஃப்ரினியா, ரொம்ப வருஷமா மாத்திரை சாப்பிடுறான். வருவாய்த்துறை மூலமா மாசம் 1,500 ரூபாய் வந்துக்கிட்டு இருந்துச்சு. பிப்ரவரியோட நின்னுபோச்சு. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட கேட்டா, "மனநோய்க்கெல்லாம் கவர்மெண்டு வெட்டிட்டாங்க போல. ஆளும் நல்லாத்தானே நடந்து போறான்" அப்படிங்கிறார். நெசமாவே அரசாணை ஏதும் வந்திருக்கா?

கோட்டையூர் | ஏப்ரல் 9, இரவு

அக்கா, அப்படிச் சொல்பவரிடம் அரசாணை எண்ணையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் ஏழே வகைதான், அதிலும் இது இருந்தது.

மேலே இருந்து அறிவித்து வெட்டினால் சட்டமன்றத்தில் கேள்வி வரும், பேப்பரில் வரும். இங்கே பணம் நிற்பது பெரும்பாலும் கீழே, ஒரு காகிதத்தில். அந்தக் காகிதம் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

தாலுகா அலுவலகம் போவதற்கு முன் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் என்ட்ரி போடுங்கள். ஆதார் எண்ணை வைத்து வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். கேஸ் மானியத்துக்காகவோ நகைக்கடனுக்காகவோ வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி, கவுண்டரில் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். எந்த வங்கி என்பதை ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் பார்க்கலாம். கைபேசி எண் ஆதாரில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

அங்கேயும் இல்லையென்றால் மாற்றுத்திறனாளி சான்றை எடுத்துச் செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள்.

கோட்டையூர் | ஏப்ரல் 10

நேற்றுச் சொன்ன தேதி விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன். கால் இல்லாதவருக்கு நிரந்தரச் சான்று கொடுப்பார்கள். மனநோய்க்குப் பலருக்குத் தற்காலிகச் சான்றுதான், அதில் ஒரு முடிவுத் தேதி இருக்கும். அந்தத் தேதி நெருங்குகிறது என்று வீட்டுக்கு யாரும் கடிதம் போடுவதில்லை. தேதி தாண்டியதும் ஆண்டுச் சரிபார்ப்பில் பெயர் விழுகிறது. நோய் அப்படியே இருக்கிறது, மாத்திரை அப்படியே இருக்கிறது, தொகை மட்டும் இல்லை. முடிவுத் தேதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே மறுமதிப்பீட்டுக்கு எழுதிக்கொடுங்கள். 2024 அக்டோபரில் திருத்திய விதிப்படி, சான்று வழங்க மருத்துவத் தரப்புக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. முன்பு அது ஒரு மாதமாக இருந்தது.

இன்னொன்று, வாழ்நாள் சான்று. சரிபார்க்க ஆள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் "ஊரில் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உடம்பு முடியாமல் மதுரையில் உள்நோயாளியாகப் படுத்திருந்த காலத்தில் அப்படிப் பெயர் விழுந்தவர்கள் உண்டு. வெளியூர் மருத்துவமனையில் சேர்த்தால், அனுமதிச் சீட்டின் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, உங்கள் கைவசம் இருக்கும் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

தாலுகா அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பிரிவு. "ஏன் நின்றது" என்று வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். மனுவாக எழுதி, ஒப்புகை வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரே கேள்வி: இந்த எண்ணுள்ள பயனாளியின் தொகை எந்த உத்தரவின்படி, எந்தக் காரணத்துக்காக நிறுத்தப்பட்டது? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

கோட்டையூர் | ஏப்ரல் 12

"ஆள் நல்லாத்தானே நடந்து போறான்." கிராம அலுவலர் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. சித்தப்பா பேசுவார், எதிர்வீட்டார் பேசுவார், சில சமயம் சான்றுக்கான மதிப்பீட்டு முகாமில் உட்கார்ந்திருப்பவரும் பேசுவார். மனநோயை நடையை வைத்து அளப்பதில்லை. எப்படி அளக்கிறார்கள் என்பது தெரியாமல் உள்ளே போவதால்தான் நம் ஆட்கள் பாதிப் பேருக்கு மேல் குறைந்த சதவீதத்தோடு வெளியே வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

மனநல மருத்துவர் கையில் இருப்பது ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோல். நான்கு தலைப்பு: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. 0 என்றால் சிரமமே இல்லை, 4 என்றால் முழுக்க முடியாது. இந்தக் கூட்டுத்தொகையோடு நோயின் கால அளவுக்குப் புள்ளி சேரும்: 2 வருடத்துக்குள் 1, 2 முதல் 5 வருடம் 2, 6 முதல் 10 வருடம் 3, அதற்கு மேல் 4. மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் உதவித்தொகைக்கான 40 சதவீதம் என்ற வாசலைத் தாண்டலாம். 7 முதல் 13 வரை 40 முதல் 70 சதவீதம், 14 முதல் 19 வரை 71 முதல் 99, இருபதுக்கு இருபது வந்தால் நூறு.

இப்போது எட்டு வருடமாக நோயுள்ள ஒரு பெண்ணையும் கூட வந்த அம்மாவையும் வைத்துப் பாருங்கள். "தானா குளிக்குமா?" "குளிப்பா சார்." "வீட்டு வேலை?" "எல்லாம் செய்வா." "அக்கம்பக்கம் பேசுமா?" "நல்லாப் பேசுவா." பெற்றவளுக்கு மகளை விட்டுக்கொடுக்க மனம் வராது. புள்ளி 0, 1, 0, 1 என்று விழுந்து, காலத்துக்கு 3 சேர்ந்து, மொத்தம் 5. சான்று கிடைக்கும், ஆனால் 40க்குக் கீழே. ஒன்றுக்கும் உதவாது.

அதே வீட்டில் நடப்பது வேறு. நாலு முறை சொன்னால்தான் குளியல், சோப்பை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். அரிசி களைந்து உலையில் போட்டவள் அடுப்பை மறந்து வாசலில் போய் நின்றுகொள்வாள். சொந்தக்காரர் வந்தால் இரண்டாம் கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இதை இதே சொற்களில் சொல்லியிருந்தால் 1, 2, 1, 2, காலத்துக்கு 3, ஆக 9. இரண்டாவது விடையில் ஒரு பொய்யும் இல்லை.

ஆகவே ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். மதிப்பீட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் தினம் நாலு வரி. எழுந்தது எப்போது, குளிக்கச் சொன்னது யார், மாத்திரையைக் கையில் வைத்துக் கொடுத்தது யார், கடைக்கு அனுப்பினால் சில்லறை சரியாக வந்ததா, தொடங்கி விட்டுவிட்ட வேலை எது. நல்ல நாளையும் எழுதுங்கள், அப்போதுதான் நோட்டை நம்புவார்கள். தலைவாரி, திருநீறு பூசி, துவைத்த சட்டை போட்டுத்தான் கூட்டிப்போவோம், அது நம் வழக்கம், அப்படியே போங்கள். யார் குளிப்பாட்டி, யார் பொத்தான் போட்டுவிட்டது என்பதை மட்டும் மருத்துவரிடம் விடாமல் சொல்லுங்கள்.

கோட்டையூர் | ஏப்ரல் 12, சற்று பின்

கால அளவுப் புள்ளிக்கு ஆதாரம் பழைய புறநோயாளி சீட்டுதான். முதல் சீட்டைத் தொலைக்காதீர்கள். ஐந்து வருடமா ஆறு வருடமா என்ற வித்தியாசத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. 6க்கும் 7க்கும் நடுவே நிற்பவருக்கு அந்த ஒன்றுதான் எல்லாம்.

பள்ளத்தூர் | ஏப்ரல் 14

அண்ணே, நீங்க சொல்றது சரி. ஆனா எங்க வீட்ல மனநோயுள்ள அண்ணனுக்கு மாற்றுத்திறனாளி கார்டே வேண்டாம்ங்கிறாக. தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். முகாமு நடக்குற எடத்துல ஊர் ஆளுக பாத்துட்டா முடிஞ்சுச்சுன்னு அப்பத்தா அழுகுது.

கோட்டையூர் | ஏப்ரல் 14

அப்பத்தாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். இந்தப் பக்கத்தில் வரன் கேட்டு வருபவர்கள் நாலு தலைமுறையை விசாரிப்பார்கள். முகாமில்தான் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தனி அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்திலோ உங்கள் கைபேசியிலோ விண்ணப்பித்து, மருத்துவமனை என்ற இடத்தில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். மனநலப் பிரிவில் மதிப்பீடு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால், அங்கே இருக்கும் கூட்டத்தில் உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவலை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. மருத்துவமனைத் தரப்பு அதை ஊரில் சொல்லக்கூடாது.

அட்டையில் குறைபாட்டு வகை அச்சாகும் என்பது உண்மை. வீட்டில் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி வரன் அமையும் வரை அண்ணன் மாத்திரைக்கு எங்கே போவான் என்பதையும் அப்பத்தாவிடம் மெதுவாகப் பேசிப் பாருங்கள். மறைத்து வைத்த நோயாளிக்குச் சிகிச்சையும் மறைத்துத்தான் நடக்கும், பிறகு பாதியில் நிற்கும்.

கண்டனூர் | ஏப்ரல் 19

எங்க மாமாவுக்கு மனுவைத் தள்ளிட்டாங்க. "சொந்த வீடு உண்டு"ன்னு விசாரணை அறிக்கை. வீட்டப் பாத்தா தெரியும். முகப்பு மட்டும் நிக்குது, பின்கட்டு ஓடு சரிஞ்சு கெடக்கு.

கோட்டையூர் | ஏப்ரல் 20

இது நம் ஊர்களுக்கே உரிய வில்லங்கம். வேறு மாவட்டத்தில் யாருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீடு, அதில் இருபது முப்பது பங்காளிகள், மாமாவின் பங்கு இரட்டை வீடு என்று சொல்லும் இரண்டு அறையும் வளவு என்ற முற்றத்தில் கொஞ்சம் இடமும். அதை விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது, மராமத்துக்குத்தான் பணம் கேட்கும். ஆனால் விசாரிக்க வருபவர் முகப்பையும் தேக்குத் தூணையும் பார்த்துவிட்டு "வசதியானவர்" என்று எழுதிவிடுவார்.

மனுவோடு மூன்று தாள் வையுங்கள். வரி ரசீது யார் பெயரில் வருகிறது என்பதன் நகல். பங்காளிகள் எத்தனை பேர், மாமாவின் பங்கு எவ்வளவு என்று இரண்டு பங்காளிகள் கையெழுத்திட்ட கடிதம். இந்தச் சொத்திலிருந்து வருமானம் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை. கிடைக்கவில்லையென்றால் வருமானச் சான்று. பின்கட்டைப் படம் எடுத்து அதையும் இணையுங்கள். தள்ளுபடி உத்தரவில் "சொந்த வீடு" என்று மட்டும் இருந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இதே கட்டைக் கொடுத்து மறுவிசாரணை கேளுங்கள்.

கோட்டையூர் | ஏப்ரல் 23

தனிச்செய்தியில் மூன்று பேர் ஒரே கேள்வி: 2,000 ரூபாய் ஏன் எங்களுக்கு இல்லை? இரண்டு துறை, இரண்டு தொகை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2,000. அது அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் உள்ளவர், கடும் பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் உள்ளவர், தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்று பெயரிட்ட சில வகைகளுக்கு. மனநோய்க்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. நம் ஆட்களுக்கு வருவது வருவாய்த்துறையின் ஓய்வூதியம், 2023 ஜனவரியிலிருந்து 1,500. ஆகவே விண்ணப்பத்தில் அறிவுசார் குறைபாட்டுக் கட்டத்தையும் மனநோய்க் கட்டத்தையும் மாற்றி டிக் அடித்துவிட்டால், ஒரு துறையில் தள்ளி, மறு துறையில் தேடி, ஒரு வருடம் ஓடிவிடும். இ-சேவையில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். திரையை நீங்களே பாருங்கள்.

மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம் 80 சதவீதம் கேட்கிறது. ஐடியாஸ் அளவில் அது ஏறக்குறைய எல்லாத் தலைப்பிலும் மூன்றும் நாலுமாக விழுந்தவருக்குத்தான். அப்படிக் கிடைத்தாலும் மத்தியப் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் 200ஐ 300 ஆக்கினார்கள், அதற்குப் பிறகு 79 வயது வரை அதே 300தான். ஒரு லிட்டர் பாலும் ஒரு கிலோ பருப்பும் அன்று என்ன விலை, இன்று என்ன விலை? அரசாணை போடாமலே ஒரு தொகையைப் பாதியாக்கும் வழி இது. எனக்கு இதில்தான் அதிகக் கோபம்.

மனநலச் செவிலியர், சிவகங்கை | மே 6

தொகையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் கவனம். வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனை. "பிரஷர் வரும்" என்று திடீரென உப்பை நிறுத்தாதீர்கள். லித்தியம் அளவுக்கு இரத்தம் கொடுக்க வேண்டியது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டால் காலை எட்டு மணிக்கு, காலை மாத்திரைக்கு முன். இதை மாற்றிச் செய்தால் அளவு பொய்யாக வரும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கால்வலிக்கு வழியில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவார்கள். லித்தியத்தோடு அது ஆகாது. பாராசிட்டமால் போதும்.

குளோசபின் என்ற மனநல மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளை அணுப் பரிசோதனை, பிறகு இடைவெளி கூடும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்காதீர்கள். மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும்.

கோட்டையூர் | மே 7

செவிலியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் பரிசோதனைச் சீட்டுகள் ஒவ்வொன்றும் தொடர் சிகிச்சைக்கு ஆதாரம். தேதி வரிசையில் கோத்து வைத்தால் மறுமதிப்பீட்டில் யாரும் "இடையில் நல்லாயிட்டாரா?" என்று கேட்க முடியாது.

கண்டனூர் | மே 11

மாமாவை முதல் நாலு வருசம் ஏர்வாடி தர்காவுலதான் வச்சிருந்தாக. அந்தக் காலத்துக்குச் சீட்டே இல்லையே?

கோட்டையூர் | மே 11

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நோய் தொடங்கிய வருடத்தைக் குடும்பம் சொல்வதையும் கேட்டுத்தான் குறிப்பார்கள். பள்ளியில் நின்ற தேதி, வேலையை விட்ட தேதி, இவற்றுக்குத் தாள் இருந்தால் கொண்டுபோங்கள்.

தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. மாத்திரையும் கையோடு போகட்டும். சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. வீட்டில் அடக்க முடியாத நிலை வந்தால் 108. பேசி ஆலோசனை கேட்க 14416, டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

தேவகோட்டை | ஜூன் 16

சான்றுதான். ஜனவரியிலேயே தேதி முடிஞ்சிருக்கு. நோட்டு எழுதிக் கொண்டுபோனோம், மருத்துவர் உக்காந்து வாசிச்சார். இந்தத் தடவை 60 சதவீதம். மனு தாலுகாவுல இருக்கு.

கோட்டையூர் | ஜூன் 16

மனுவில் புதுச் சான்றின் எண்ணோடு பழைய ஓய்வூதிய உத்தரவு எண்ணையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் புது விண்ணப்பமாக எடுத்து முதலிலிருந்து விசாரணை போடுவார்கள்.

பள்ளத்தூர் | ஜூலை 3

லண்டன்ல இருக்கிற எங்க சின்னம்மா மக, அங்கயும் வெட்டுறாகன்னு பயந்துக்கிட்டு இருக்கு. அதுக்கும் மனநோய்க்குத்தான் தொகை வருது.

கோட்டையூர் | ஜூலை 4

அங்கே மாற்றுத்திறனாளிகளுக்குத் தருவது பிப் என்ற தொகை. சமைப்பது, குளிப்பது, பிறரோடு பழகுவது, பணத்தைப் பற்றி முடிவெடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் மொத்தம் 8 வந்தால் ஒரு தொகை, 12 வந்தால் கூடுதல். இந்த மார்ச் 18இல் வெளியிட்ட திட்டத்தில், ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி வந்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு அரசு சேர்க்கப் பார்த்தது. மனநோயுள்ள பலருக்கு ஒரே இடத்தில் 4 விழாது, நாலைந்து இடத்தில் இரண்டிரண்டாகத்தான் விழும். அவர்களை வெளியேற்ற அந்த ஒரு வரி போதும். ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் ஜூலை 1 அன்று மசோதாவிலிருந்து அதை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான உதவித்தொகையில் உடல்நலத்துக்கான கூடுதல் தொகையை 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஏறத்தாழப் பாதியாக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. தங்கச்சி ஏற்கெனவே வாங்குபவர் என்பதால், இப்போதைக்கு மறுமதிப்பீட்டுக் கடிதம் வந்தால் விடாமல் பதில் போடச் சொல்லுங்கள். நோட்டு எழுதும் வேலை அங்கேயும் பயன்படும்.

கோட்டையூர் | ஆகஸ்ட் 2

காரைக்குடி சிக்ரியில் (மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரிகிறது. மத்திய அரசு ஓய்வூதிய விதிப்படி, மனநோயால் சம்பாதிக்க முடியாத மகனுக்கோ மகளுக்கோ பெற்றோருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க உண்டு. நீங்கள் உயிரோடிருக்கும்போதே பிள்ளையின் பெயரையும், அவருக்காகத் தொகையைப் பெறுபவர் பெயரையும் எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். அப்படிப் பதிவு இருந்தால் நீதிமன்றக் காப்பாளர் சான்று கேட்டு வங்கி அலைக்கழிக்கக்கூடாது.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காப்பாளர் சான்று வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பி அலையாதீர்கள். 1999 சட்டமான அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும். மனநோய் அதில் இல்லை.

ராயவரம் | ஆகஸ்ட் 9

எங்களுக்குக் காரைக்குடிதான் பக்கம். மதிப்பீட்டுக்குச் சிவகங்கை வரலாமா?

கோட்டையூர் | ஆகஸ்ட் 9

ராயவரம், கோனாபட்டு எல்லாம் திருமயம் தாலுகா, புதுக்கோட்டை மாவட்டம். ஆதாரில் அந்த முகவரி இருந்தால் மதிப்பீடு வழக்கமாகப் புதுக்கோட்டையில். மாத்திரையைக் காரைக்குடியில் வாங்கிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் காரைக்குடிச் சீட்டுகளை நகல் எடுத்து, ஆதார், ரேஷன் அட்டை, இரண்டு புகைப்படத்தோடு புதுக்கோட்டைக்குக் கொண்டுபோங்கள். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். அது பொருந்தாமல் திரும்பி வந்தவர்கள் அதிகம்.